ஒருநிமிஷக்காரரும் நிலாவாலும்

காகத்துக்குக் காகம் என்று ஏன் பெயர் வந்தது? அது அப்படிக் கத்துகிறது, வந்துவிட்டது. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. அதே நியாயப்படி மனிதர்களில் ஓர் இனத்துக்கு ஒருநிமிஷக்காரர் என்று பெயர். காலையில் பல் துலக்கும்போதும், சாப்பாட்டுத் தட்டு முன்னால் ஆறிக்கொண்டிருக்கும்போதும், வீட்டம்மா மாடிப்படியில் சறுக்கி விழுந்து கூப்பிடும்போதும் இந்த இனம் எழுப்புகிற குரல் ஒன்றே ஒன்றுதான்.

“ஒரு நிமிஷம்!”

அந்த நிமிஷத்தின் நீளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். அளந்து முடித்தவர் இல்லை.

அடையாளம் கேட்டுக்கொள்ளுங்கள். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். விளையாட்டு சம்பந்தப்பட்டது என்பதால் சின்னப் பிள்ளைகளிடம் போய்த் தேட வேண்டாம். பிள்ளைகளுக்கு அது இரண்டே மாதத்தில் சலித்துவிட்டது, பந்து உதைக்கப் போய்விட்டார்கள். ‘அப்படி என்னதான் இருக்கு இதுல’ என்று அவர்கள் கையிலிருந்து வாங்கிப் பார்த்தவர்கள்தான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. கைப்பேசியை மார்புக்கு நேரே விளக்கு மாதிரி ஏந்திக்கொண்டு, தெருவில் பத்தடி முன்னே போய், நாலடி பின்னே வந்து, மின்கம்பத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, கடைசியில் உங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கீழே நின்று தனக்குத் தானே சிரிக்கிற ஒரு பெரிய மனிதரைப் பார்த்தால் பயந்துவிடாதீர்கள். திருடன் இல்லை. கைப்பேசிக்குள் ஒரு விளையாட்டு. அதன்படி ஊர் முழுக்க விசித்திரப் பிராணிகள் திரிகின்றன. திரையில் மட்டும்தான் தெரியும். அதில் ஒன்று உங்கள் ஜன்னலுக்குக் கீழே நிற்கிறது. விரலால் வலையைத் தள்ளி அதைப் பிடிக்க வந்திருக்கிறார்.

பிடித்து?

பிடித்து ஒன்றுமில்லை. அந்த விளையாட்டிலேயே ஒரு பெட்டி இருக்கிறது, அதில் போட்டு வைப்பார்.

இந்த இனத்தாரின் குணத்தில் ஒரு விசேஷம் உண்டு. கைக்கு வந்ததை மதிக்கமாட்டார்கள். முட்டைக்கண்ணன் என்று ஒரு பிராணி. வால் கிடையாது, உருண்டையாக ஓர் உடம்பு, அதில் பெரிசாய் இரண்டு கண். தெருவுக்கு இருபது நிற்கும், கூப்பிடாமலே வந்து வலையில் உட்காரும். அதைப் பார்த்தால் “சீ, சாதாரணம்” என்பார்கள். எது ஓடுகிறதோ, எது ஒளிகிறதோ, எது வருஷத்துக்கு ஒரு தரம் மழை பெய்யும்போது பதினைந்து நிமிஷம் முகத்தைக் காட்டிவிட்டுப் போகிறதோ, அதற்குத்தான் உயிரை விடுவார்கள். சரி, சாதாரணத்தையாவது வேண்டாமென்று விட்டுத் தொலைப்பார்களா? அதுவும் மாட்டார்கள்! “இருக்கட்டும், எதுக்காவது ஆகும்” என்று முட்டைக்கண்ணனில் மட்டும் நூற்றுக்கணக்கில் அடைத்து வைத்திருப்பார்கள். எதற்கு ஆகும்? அது இன்றுவரை முட்டைக்கண்ணனுக்கும் தெரியாது.

பிடிக்கிற நேரத்து நியமங்கள் வேறு இருக்கின்றன. மூச்சை அடக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரும் அடக்க வேண்டும். யாராவது இருமினால் கைப்பேசிக்குள் இருக்கிற பிராணி மிரண்டு ஓடிவிடும் என்பது இவர்களுடைய திடமான நம்பிக்கை. அப்புறம், முன்னொரு நாள் ஓர் அரிய பிராணி சிக்கியபோது எந்தக் கோலத்தில் நின்றாரோ அந்தக் கோலம் மாறக் கூடாது. வாயில் பல்துலக்கியோடு ஒன்றைப் பிடித்த ஒருவர் இப்போதும் சட்டைப்பையில் பல்துலக்கியோடுதான் வேலைக்குப் போகிறார். நியாயமாகப் பார்த்தால் இது பெரிய பக்தி. இதில் கால் பங்கை ஆண்டவன் பக்கம் திருப்பியிருந்தால் அவனே சலித்துப்போய், ‘சரியப்பா, என்ன வேண்டும் சொல்’ என்று நேரில் வந்திருப்பான். அப்போதும் இவர் ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லியிருப்பார்.

பொதுவாகச் சொன்னால் பிடிபடாது. ஒரே ஒருவரைப் பார்ப்போம்.

கடைத்தெருவில் மருந்துக்கடைக்கும் சாவி செய்கிறவருக்கும் நடுவே ஒரு சின்ன மூக்குக்கண்ணாடிக் கடை. மூன்று சுவரிலும் வரிசை வரிசையாகக் கண்ணில்லாத ஃபிரேம்கள். உள்ளே கண் பார்க்க ஒரு நாற்காலி. எதிரே ஓர் எழுத்துப் பலகை. மேல் வரியில் எழுத்து பானை மாதிரி இருக்கும், இறங்க இறங்கச் சிறுத்துக் கடைசி வரியில் கடுகாகிவிடும். கடைக்காரருக்கு ஊரில் கண்ணாடிக்காரர் என்றே பெயர். தங்கமான மனிதர். பொய் சொல்லமாட்டார், அந்த ஒரு நிமிஷத்தைப் பொய்க் கணக்கில் சேர்க்காவிட்டால்.

அவருடைய விளையாட்டில் நானூற்றுப் பன்னிரண்டு வகைப் பிராணிகளுக்கு ஒரு பட ஏடு. எந்த வகை பெட்டியில் இருக்கிறதோ அதன் படம் வண்ணத்தில் மின்னும். இல்லாதது கறுப்பு நிழலாக நிற்கும். நானூற்றுப் பதினொன்று மின்னின. ஒன்று மட்டும் கறுப்பு. நிலாவால்! நீலமாய்ப் புசுபுசுவென்று உடம்பு, பிறை போல வளைந்த வெள்ளை வால். மழை பெய்தால்தான் வரும், அதுவும் பதினைந்தே நிமிஷம். மூன்று வருஷமாக அந்தக் கறுப்பு நிழல் அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. நிலாவால் பக்கத்தில் வந்தால் தெரியவேண்டும் என்று கைப்பேசியில் அதற்கென்றே நரி ஊளை மாதிரி ஒரு சத்தம் வைத்திருந்தார். மூன்று வருஷத்தில் அது இரண்டு தரம் ஊளையிட்டது. ஒரு தரம் அவர் குளியலறையில் முகமெல்லாம் சோப்போடு இருந்தார். இன்னொரு தரம் ஒரு துக்க வீட்டில் நாலு பேரோடு சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார். அன்று அவர் அழுத அழுகையைப் பார்த்து, போனவருக்கு இவ்வளவு நெருக்கமா என்று சொந்தக்காரர்களே நெகிழ்ந்துவிட்டார்கள்.

கடையில் வியாபாரம் எப்படி நடந்தது என்கிறீர்களா? நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்து, மூக்கில் சோதனை ஃபிரேமை மாட்டி, “படிங்க” என்று சொல்லிவிட்டு இவர் கைப்பேசியைப் பார்ப்பார். வந்தவர் படிப்பார்.

“ஐயா, எல்லா வரியும் படிச்சிட்டேன்.”

“ம். கீழ் வரி?”

“கீழ் வரியும் ஆச்சு. அதுக்குக் கீழ பலகை செஞ்ச கம்பெனி பேரும் படிச்சிட்டேன். இன்னும் என்னதான் படிக்கணும்?”

“ஒரு நிமிஷம்.”

பெட்டி நிறைந்துவிட்டது, எதையாவது விட்டால்தான் புதிதுக்கு இடம் என்று விளையாட்டே அவருக்குத் தினமும் எச்சரிக்கை அனுப்பியது. அதற்கும் அதே பதில்தான்.

இதற்கு நடுவே வீட்டம்மாவுக்குக் கிட்டத்துப் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. மருந்துப் பாட்டிலைக் கையை நீட்டிப் பிடித்து, கழுத்தைப் பின்னால் இழுத்து, வெளிச்சத்துக்குப் போய், கடைசியில் மூடியின் நிறத்தைப் பார்த்து ஊற்றினார்.

“என்னங்க, எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. இனிமே நீட்டறதுக்குக் கையில நீளம் இல்லை. எனக்கு ஒரு கண்ணாடி போட்டுக் குடுங்களேன்.”

“போட்டுடலாம். ஒரு நிமிஷம்.”

“ஊருக்கெல்லாம் போட்டுக் குடுக்கறீங்க. கண்ணாடிக்காரர் வீட்டுல நான் தடவிக்கிட்டு நிக்கறேன்.”

“நீ இங்கதானே இருக்க? எங்க போயிடப்போற? உன்னை எப்ப வேணாலும் பார்த்துக்கலாம். இது பதினஞ்சு நிமிஷத்துல போயிடும்மா!”

கவனித்தீர்களா? வீட்டம்மா ஓடமாட்டார், ஒளியமாட்டார், மழை வரவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. இருபத்தொரு வருஷமாக அதே வீட்டில், கூப்பிட்ட குரலுக்குக் கிடைக்கிறார். ஆகவே நம்மவர் அவரை முட்டைக்கண்ணன் வரிசையில் சேர்த்துவிட்டார். இப்படி மூன்று மாதம்.

தவணை கொடுப்பது மனிதருக்குத்தான், கண்ணுக்குக் கொடுக்க முடியாது. கண்ணாடிக்காரரின் கண் சிவந்தது, எரிந்தது, இமை தானாகத் துடித்தது. ஒருநாள் ஒரு வாடிக்கையாளருக்கு இடக்கண் லென்ஸை வலப்பக்கமும் வலக்கண் லென்ஸை இடப்பக்கமும் மாட்டிக் கொடுத்து அனுப்ப, அவர் நேரே மருந்துக்கடைக் கண்ணாடிக் கதவில் மோதி, வெளியே வரும்போது மறுபடி அதே கதவில் மோதினார். அன்றைக்கு வீட்டம்மா ஒரு நிமிஷத்தையெல்லாம் காதில் வாங்காமல், கையைப் பிடித்துத் தரதரவென்று கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே நர்ஸம்மா இரண்டு கண்ணிலும் மருந்து விட்டார்.

“மூணு மணி நேரத்துக்குக் கிட்டத்துல இருக்கிறது எதுவும் தெரியாதுங்க. புகையாத்தான் இருக்கும். பயப்படாம கண்ணை மூடிக்கிட்டு பெஞ்சில உட்காருங்க.”

தாழ்வாரத்தில் நீளமாக ஒரு பெஞ்சு. அதில் ஏற்கெனவே நாலு பேர், எல்லோரும் மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடி, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி வரிசையாக. ஓரத்தில் இருந்தவர் பேக்கரிக்காரர். மாவுத்தூள் இன்னும் புருவத்தில் இருந்தது. மூன்று வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்த மனிதர், கண்ணில் மருந்தை விட்டுக்கொண்டு ஐந்தாவது ஆளாக உட்கார்ந்தார்.

பத்தாவது நிமிஷம், வெளியே மழை பிடித்தது.

பன்னிரண்டாவது நிமிஷம், சட்டைப்பையில் நரி ஊளையிட்டது.

“வந்துருச்சு!” கண்ணைத் திறந்தார். ஒரே வெள்ளைப் புகை. கைப்பேசியை எடுத்து மூக்கில் வைத்தார், கையை நீட்டிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். சதுரமாக ஒரு மேகம் தெரிந்தது. மூன்று வருஷத் தவம் அந்த மேகத்துக்குள் எங்கேயோ நிற்கிறது, பதினைந்து நிமிஷம்தான் நிற்கும்!

“இங்க வா. கிட்ட வா. இதைப் பிடி!”

வீட்டம்மா பதறினார். “என்னங்க, கண்ணு எரியுதா?”

“கண்ணு கிடக்குது. என்ன தெரியுது, சொல்லு.”

வீட்டம்மா கைப்பேசியை நீட்ட முடிந்த மட்டும் நீட்டிப் பிடித்தார். “ஒரு ரோடு தெரியுது. அதுல ஒரு பொம்மை நிக்குது, தொப்பி போட்டுக்கிட்டு.”

“அது நான்தான்.”

“நீங்களா? இவ்வளவு ஒல்லியாவா?”

“அதை விடு! பக்கத்துல நீலமா ஏதாச்சும்?”

“ம்... நீலமா ஒண்ணு. புசுபுசுன்னு இருக்கு.”

“வாலு? வாலு இருக்கா?”

“இருக்கு, இருக்கு. வெள்ளையா வளைஞ்சுக்கிட்டு. பாவம், மழைக்கு ஒதுங்கி நம்ம பெஞ்சு பக்கத்துல வந்து நிக்குதுங்க.”

பேக்கரிக்காரர் கண்ணை மூடியபடியே திரும்பினார். “என்னம்மா பெஞ்சு பக்கத்துல நிக்குது? வாலா? எலியா?”

எலி என்ற சொல் காதில் விழுந்ததும் பெஞ்சில் இருந்த நாலு பேரும் ஒரே சமயத்தில் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

“யாரும் அசையாதீங்க!” என்று கண்ணாடிக்காரர் அதட்டினார். “சத்தம் கேட்டா ஓடிடும்!”

அதற்குமேல் யார் அசைவார்கள்? கால் அந்தரத்தில், கண் மூடி, மூச்சடக்கி, நாலு பேர்.

“வலது செருப்பைக் கழட்டு,” என்றார் மனைவியிடம், ரகசியமாக.

“எதுக்குங்க? தரையெல்லாம் ஈரமா இருக்கு.”

“கழட்டினாத்தான் விழும். ஒரு தரம் அப்படித்தான் விழுந்துச்சு. கேள்வி கேட்காம கழட்டும்மா!” எதற்கும் இருக்கட்டும் என்று தன்னுடையதையும் கழற்றிக்கொண்டார். “இப்ப கீழே ஒரு வலை இருக்கும். கட்டைவிரலை அது மேல வச்சு அப்படியே மேல தள்ளு. வேகமா வேணாம். தூங்கற பிள்ளை முதுகைத் தடவற மாதிரி.”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்? நான்தானே தடவினேன்.”

முதல் வலை பிராணியின் தலைக்கு மேல் போனது. இரண்டாவது பக்கத்து மரத்தில் விழுந்தது. மூன்றாவது தரம் வீட்டம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு தள்ளினார்.

“ஐயோ, உள்ள போயிருச்சுங்க! குலுங்குது... குலுங்குது... நின்னுருச்சு. என்னமோ பூவா கொட்டுதுங்க!”

கண்ணாடிக்காரரின் கண்ணிலிருந்து மருந்தும் கண்ணீரும் கலந்து வழிந்தன. “கடவுளே, கடவுளே” என்றார். மூன்று வருஷத்தில் ஆண்டவனைக் காக்கவைக்காமல் அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“பிடிச்சாச்சா?” என்றார் பேக்கரிக்காரர். “வாலைப் பிடிச்சு வெளிய விட்டுருங்கம்மா.”

“பேசாம இருங்கய்யா!”

“இப்ப வேற ஒண்ணு வந்திருக்குங்க,” என்றார் வீட்டம்மா. “பொடிப்பொடியா எழுத்து. நடுவுல பெருசா அறுபதுன்னு ஒரு நம்பர். இல்லை, அம்பத்தொம்பது. அம்பத்தெட்டு.”

கண்ணாடிக்காரருக்குப் புரிந்துவிட்டது. பெட்டி நிறைந்திருக்கிறது! ஒரு நிமிஷத்துக்குள் ஏதாவது ஒன்றை வெளியே விடவேண்டும். இல்லாவிட்டால் புதிதாக வந்தது தானே ஓடிவிடும். அவருடைய நிமிஷம் அல்ல இது. அறுபதே நொடி உள்ள அசல் நிமிஷம்.

“கட்டம் கட்டமா படம் இருக்கா? அதுல ஒரு முட்டைக்கண்ணனைத் தொட்டு, கீழ இருக்கிறதை அழுத்து. அவ்வளவுதான்.”

“எது முட்டைக்கண்ணன்?”

“உருண்டையா இருக்கும். பேரு எழுதியிருக்கும் பாரு.”

“எல்லாமே உருண்டையாத்தாங்க தெரியுது. கடுகை இறைச்ச மாதிரி இருக்கு.”

“நல்லாப் பாரு!”

“நல்லாத்தான் பார்க்கிறேன். மூணு மாசமா நான் என்னத்தைச் சொல்லிக்கிட்டிருக்கேன்? முப்பத்தஞ்சு.”

கண்ணாடிக்காரர் உள் அறைப் பக்கம் திரும்பிக் கத்தினார். “நர்ஸம்மா! நர்ஸம்மா! கொஞ்சம் வாங்களேன், அவசரம்!”

உள்ளேயிருந்து பதில் வந்தது. “ஒரு நிமிஷம்!”

“நான் வேணா பார்த்துச் சொல்லவா?” என்று பேக்கரிக்காரர் பெருந்தன்மையோடு கை நீட்டினார். அப்புறம், “அட, எனக்கும் விட்டிருக்காங்கல்ல” என்று கையை எடுத்துக்கொண்டார்.

“பதினொண்ணு... பத்து...”

“ஏதாச்சும் ஒண்ணை விடு! எதைத் தொட்டாலும் சாதாரணம்தான்! பெட்டி பூரா அதுதான் கிடக்கு! விடும்மா!”

வீட்டம்மா விட்டார்.

அந்த விளையாட்டில் புதிதாக வந்த பிராணியை முதல் கட்டத்தில்தான் வைப்பார்கள். கண் தெரியாத விரலுக்கு முதலில் எட்டுவதும் முதல் கட்டம்தான்.

“அப்பாடா. விட்டுட்டேங்க. நல்லவேளை,” என்று பெருமூச்சு விட்டார். “சந்தோஷமா போகுதுங்க. வாலை ஆட்டிக்கிட்டே போகுது.”

கண்ணாடிக்காரர் தலையாட்டினார். தலை பாதியில் நின்றது.

முட்டைக்கண்ணனுக்கு வால் கிடையாது.

நர்ஸம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, கைப்பேசியை வாங்கி உரக்கப் படித்தார். “‘நிலாவால் மழைக்குள் திரும்பிவிட்டது. விடுதலை செய்த உங்களுக்கு நன்றி.’ யாருங்க நிலாவால்? உங்க சொந்தமா?”

“போயிருச்சா?” என்றார் பேக்கரிக்காரர். “அப்போ காலைக் கீழ வைக்கலாமா?”

வீடு திரும்பும் வழியில் கண்ணாடிக்காரர் யோசித்துப் பார்த்தார். யாரை என்ன சொல்வது? திட்டுவதற்கு நாலைந்து சொல் நாக்கு நுனிவரை வந்ததுதான். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘மூணு மாசமா’ என்ற சொல் வந்து குறுக்கே நின்றது. குடைக்குக் கீழே, கண் தெரியாமல், மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். “இங்க பள்ளம்”, “இங்க படி” என்று அவர் சொல்லச் சொல்லக் காலை வைத்தார்.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாகக் கடையைத் திறந்து மனைவியை நாற்காலியில் உட்காரவைத்தார். கைப்பேசி சட்டைப்பையைவிட்டு வெளியே வரவில்லை. எல்லா வரியும் பார்த்து, கையில் சின்ன எழுத்துத் தாளைக் கொடுத்துப் பார்த்து, ஒரு மணி நேரத்தில் கண்ணாடி தயார். அவசரப்பட்டு மனம் நெகிழ்ந்துவிடாதீர்கள். அன்றைக்கு வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. கண் முழுக்கத் தெளிய ஒரு வாரம் கைப்பேசியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் நன்றாகத் தெரிகிற கண் ஒரு ஜோடி அவசரமாகத் தேவைப்பட்டது. சாதாரணத்தையும் ‘எதுக்காவது ஆகும்’ என்று வைத்திருக்கிற இனம்தானே!

வீட்டம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் கடையைப் பார்த்தார். தூசி தெரிந்தது. அப்புறம் கணவரைக் கிட்டத்தில் பார்த்தார்.

“என்னங்க, உங்களுக்கு இவ்வளவு நரைச்சிருச்சா? எப்ப?”

அவருக்கே தெரியாது.

“சரி, அந்த நீலத்தைக் காட்டுங்க. கையால பிடிச்சும் நான் சரியாவே பார்க்கலையே.” கண்ணாடிக்காரர் பட ஏட்டில் அந்தக் கறுப்பு நிழலைக் காட்டினார். வீட்டம்மா வெகுநேரம் பார்த்தார். “பாவம்ங்க” என்றார். அன்று மாலை தன் கைப்பேசியில் அந்த விளையாட்டை ஏற்றிக்கொண்டார், சும்மா, அது நலமாக இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

மூன்று வாரம் போனது. ஒரு மத்தியானம் கண்ணாடிக்காரர் சாப்பிட உட்கார்ந்தார். முதல் கவளத்திலேயே விக்கல் எடுத்தது.

“ஏம்மா, கொஞ்சம் தண்ணி கொண்டு வா!”

உள் அறையிலிருந்து குரல் வந்தது.

“ஒரு நிமிஷம்!”

இவர் விக்கியபடியே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். உலகத்திலேயே முதன்முறையாக ஒருவர் அந்த நிமிஷத்தை அளந்தார்: இருபத்துமூன்று நிமிஷம். எழுந்து போய்த் தானே தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டு அறை வாசலைப் பார்த்தார். அங்கே வலது செருப்பு மட்டும் தனியாகக் கழன்று கிடந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்களுக்கு நிலாவாலும் தெரியாது, முட்டைக்கண்ணனும் தெரியாது. இந்த வயதில் பிராணி பிடிக்க உங்களுக்கென்ன தலையெழுத்தா? நீங்கள் பாட்டுக்கு ஓர் ஓரமாக உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருந்தீர்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்கவேண்டும். ஆரம்பத்தில் காகத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிப் பெஞ்சு வந்தபோது இன்னொரு தரம் கூப்பிட்டார்கள்; கொஞ்ச நேரமாகக் கூப்பிடவில்லை.

அவர்களுக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?